கட்டியக்காரனின் வாரிசுகள்

ஜவ்வாது மலையில் பிறக்கும் ஆறுகளில் இரண்டு, நடிகர்களின் ஊர் வழியாக ஓடுகின்றன. செய்யாறு செங்கத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய், தன் பேரிலேயே இருக்கும் நகரைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. அந்த நகருக்கு அருகில்தான் தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை. கமண்டல நாகநதி படவேட்டையும் ஆரணியையும் பார்த்துவிட்டு வந்து செய்யாற்றோடு சேர்கிறது. யோகி பாபுவுக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம். தண்ணீர் ஓடுவதென்னவோ வருஷத்தில் சில மாதம்தான். கூத்தாடிகளின் நடமாட்டம் மட்டும் சங்க காலத்திலிருந்து இந்தப் பக்கம் நின்றதில்லை.

சங்க காலம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்து மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிற பாட்டு. அதற்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. எந்த மலைப்பாதையில் எதற்குப் பயப்பட வேண்டும், எந்தச் சிற்றூரில் சோறு கிடைக்கும், இன்றைய செய்யாறான சேயாற்றை ஒட்டி எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு நாடகக் குழுவின் மேனேஜர் மாதிரி அக்கறையோடு சொல்லிக்கொண்டே போகிறார் புலவர். மலை ஏறினால் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் பீமன் அருவி இருக்கிறது. கீழே இறங்கினால் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், கோடையில் பாரதக் கூத்து. நகைச்சுவையில் குணச்சித்திரம் என்ற தொழிலைப் பற்றிப் பேச கோடம்பாக்கத்தை விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்ததற்குக் காரணம், கூத்தில் முதலில் களத்துக்கு வருகிற அந்த ஒருவன்தான். கட்டியக்காரன்.

கூத்தில் ராஜாவுக்குப் புஜத்திலும் தலையிலும் கட்டை கட்டுவார்கள். கிரீடமும் மார்புப் பதக்கமும் புஜக்கட்டையுமாக அந்த வேஷம் ஒரு ஆள் கனம் கனக்கும். கட்டியக்காரனுக்கு அதெல்லாம் கிடையாது. லேசான உடுப்பு, எளிய முகப்பூச்சு. அவன் ஓட வேண்டும், குனிய வேண்டும், விழ வேண்டும். ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே இவன் வெளியே சபையோரோடு பேசிக்கொண்டிருப்பான். திரை விலகியதும் எடுத்த எடுப்பில் ராஜாவிடமே விசாரணை நடத்துவான்: நீங்கள் யார், எந்த தேசம், இங்கே எதற்கு வந்தீர்கள்? துரியோதனன் தன் வம்சப் பெருமையை முழங்க முழங்க, இவன் அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் பேச்சாக மாற்றிக்கொண்டே வருவான். ரேஷன் கடையும் வராத பஸ்ஸும் அஸ்தினாபுரத்துக்குள் நுழைந்துவிடும்.

இதைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த வேலையின் கஷ்டத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் சொல்வேன். கட்டியக்காரன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறான். கதைக்குள் அவன் ராஜாவின் சேவகன். கை கட்டி நிற்க வேண்டியவன். கதைக்கு வெளியே நமக்குப் பக்கத்து வீட்டுக்காரன்; ராஜாவைப் பார்த்து நாம் மனசுக்குள் கேட்பதைச் சத்தமாகக் கேட்கிறவன். ஒரு காலை எடுத்துவிட்டாலும் வேஷம் கலைந்துவிடும். சேவகனாக மட்டும் நின்றால் சிரிப்பு வராது. நம்மாளாக மட்டும் நின்றால் கதை நகராது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய இந்த இரட்டை நிலையைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இடையிடையே தூதுவன், கிழவன், வைத்தியன் என்று சில்லறை வேஷங்களும் அவர்கள் தலையில்தான் விழும்.

எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் கட்டியக்காரருக்குத் தெரிந்தாக வேண்டும். துகில் உரியும் இரவில், துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்வது உண்டு. பார்க்கிற பெண்களுக்கு ஆவேசம் வந்துவிடும் இடம் அது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்புவரை இதே கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அங்கே ஒரு வார்த்தை தப்பாக விட்டால், அந்த ஊருக்கு அந்தக் கூத்து ஜமா திரும்பப் போக முடியாது. எந்த நடிப்புப் பள்ளியிலும் இதைவிடக் கடுமையான டைமிங் பாடம் கிடையாது.

புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தைப் பார்த்துத் தன் நாடகப் பார்வையையே மாற்றிக்கொண்டவர் ந.முத்துசாமி. 1977-ல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறைக்குத் தம்பிரான் வந்து பயிற்சி கொடுத்தார். அங்கிருந்து பசுபதி வந்தார், கலைராணி வந்தார், குரு சோமசுந்தரம் வந்தார். கணக்கெழுதப் போன விஜய் சேதுபதியும் வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டார். இவர்களை யாரும் ‘காமெடியன்’ என்று சொல்வதில்லை. ஆனால் ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் சோமசுந்தரம் செய்த காளையனை நினைத்துப் பாருங்கள். வாழ்ந்து கெட்டு, குடியில் நனைந்து, மகனிடமே திட்டு வாங்கிக்கொண்டு திரியும் அப்பன். அந்த ஆள் பேசும் ஒவ்வொரு பொய்யான பெருமைக்கும் தியேட்டர் சிரித்தது. அவருக்கு மட்டும் அது சிரிப்பாகப் படவே இல்லை. ‘ஜோக்கர்’ படத்தின் மன்னர் மன்னனும் அதே வார்ப்புதான். தன்னை ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டு உத்தரவு போடுகிற அந்த ஆளிடம் ஒரு இம்மி கிண்டலும் கிடையாது. சிரிக்கிறவர்கள் நாம்தான்.

இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான். நகைச்சுவையில் குணச்சித்திரம் என்பது, தான் வேடிக்கையாக இருப்பது தெரியாத ஒரு மனிதனாக நடிகர் இருப்பது. அந்த மனிதனுக்கு ஏதோ ஒன்று அவசரமாக வேண்டியிருக்கும். அது கிடைக்காமல் அவன் படும் பாடு நமக்குச் சிரிப்பு. கவுன்ட்டர் கொடுப்பது வேறு தொழில். அதற்கு வாய் போதும்.

ஆயிரம் பொன் வேண்டிய ஆள்

‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக நாகேஷ் வருகிற நேரம் மொத்தப் படத்தில் கொஞ்சம்தான். 1965-ல் வந்த படம். இன்றைக்கும் அந்தப் படம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர். தருமிக்கு வேண்டியது ஆயிரம் பொன். ஏழைப் புலவன், வீட்டில் வறுமை, பாட்டு எழுத வரவில்லை. கோயிலில் தனியாக நின்று புலம்புகிறான். மயிலாப்பூரில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்ததிலிருந்துதான் அந்தப் புலம்பலைப் பிடித்ததாக நாகேஷ் நினைவுகூர்ந்திருக்கிறார். உடம்பைக் கவனியுங்கள். கைகள் இடுப்புக்கு மேலேயே அலைகின்றன, முதுகு கேள்விக்குறி போல வளைந்திருக்கிறது, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பசி அந்த உடம்பில் தெரிகிறது. சிவனிடம் கேள்வி கேட்கும் இடத்தில் நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். சபையில் நக்கீரர் பாட்டில் குற்றம் கண்டுபிடித்ததும் அதே உடம்பு சுருங்கிவிடுகிறது. பரிசு போனது மட்டும் இல்லை, இருந்த கொஞ்சம் மானமும் போய்விட்டது. இரண்டு இடத்திலும் நாகேஷ் ஒரே ஆள். நடுவில் அவர் ‘இப்போது சோகம்’ என்று கியர் மாற்றவில்லை.

நாகேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது 1994-ல் வந்த ‘நம்மவர்’ படத்துக்காக. மகளைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம். அதாவது, அழுதபோதுதான் டெல்லிக்கு அவர் நடிகர் என்று தெரிந்தது. அதே ஆண்டில் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வசனமும் இல்லாமல் தியேட்டரைக் குலுக்கினாரே, அதற்கு எந்தப் பிரிவில் விருது கொடுப்பது? கடைசிவரை அவருக்குப் பத்ம விருது எதுவும் வரவில்லை.

பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்குத்தான் வேலை அதிகம் என்பதற்கு ‘காதலிக்க நேரமில்லை’ நிரந்தர சாட்சி. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்கிறார். கதவு கிரீச்சிடும் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் வாயாலேயே போடுகிறார் நாகேஷ். ஊரெல்லாம் நாகேஷின் மிமிக்ரியைப் புகழும். அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு அப்பாவாக வரும் டி.எஸ்.பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் சலிப்போடு உட்கார்ந்திருக்கிறார், பணம் கேட்க வந்த பையன்தானே என்று. பிறகு ஒரு காது தானாகத் திரும்புகிறது. பிறகு கண். பயம் வந்ததும் ‘எஸ்டேட் முதலாளி’ என்ற கெத்தை விட்டுவிடாமலே பயப்படுகிறார். அதுதான் வித்தை. பயப்படுகிறவனைப் பார்த்தால் பரிதாபம் வரும். கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டே பயப்படுகிறவனைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். பாலையா வில்லனாகப் பேர் வாங்கியவர். பிறரை மிரட்டிப் பழகிய அந்த முகம் மிரள்வதில் ஒரு கூடுதல் ருசி இருந்தது.

தங்கவேலுவின் பைரவனும் இந்த ஜாதிதான். ‘கல்யாணப் பரிசு’ படத்தில் வேலை வெட்டி இல்லாத மனிதர், மன்னார் அண்ட் கம்பெனியில் மேனேஜர் என்று மனைவியிடம் அளக்கிறார், எழுத்தாளர் வேறு. பொய் ஒவ்வொரு அடுக்காக உயர உயர, தங்கவேலுவின் குரல் தாழ்ந்து நிதானமாகிறது. பொய்யன் பதறினால் மாட்டிக்கொள்வான் என்று அவருக்குத் தெரியும். மனைவியாக வரும் எம்.சரோஜா நம்பியும் நம்பாமலும் பார்க்கிற பார்வை இல்லாவிட்டால் அந்தக் காட்சிகள் பாதிகூடத் தேறாது.

‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சிக்கும் இதே கணக்கு. எழுதியவர் ஏ.வீரப்பன். எல்லோரும் கவுண்டமணியின் ஆத்திரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஆத்திரத்தைத் தாங்குவது செந்தில். ரெண்டு பழத்துக்குக் காசு வாங்கிப் போனவன் ஒன்றோடு திரும்பி வந்து, இன்னொன்று எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறான். தான் சொல்வது சரியான பதில் என்று செந்தில் உண்மையாகவே நம்புகிறார். ஒரே ஒரு தடவை உதட்டோரம் சிரித்திருந்தால் அவன் திருடனாகியிருப்பான், காட்சி செத்திருக்கும்.

ஒரே வரியில் ஒரு ஆயுள்

இரண்டு நாள் கால்ஷீட்டில் வந்துவிட்டுப் போகிறவர்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் ஜனகராஜ் இன்ஸ்பெக்டர், ஆர்.எஸ்.சிவாஜி கான்ஸ்டபிள். கான்ஸ்டபிளுக்கு இருப்பது ஒரே ஒரு குணம். மேலதிகாரி என்ன உளறினாலும் மெய்சிலிர்த்துப் போவது. இதை ஜால்ரா என்று நடித்திருக்கலாம், பலர் அப்படித்தான் நடிப்பார்கள். சிவாஜி பக்தியாக நடித்தார். அந்த வித்தியாசத்தில்தான் 1989-ல் வந்த அந்தச் சின்ன வேஷம் இன்றும் மீமாக உலவுகிறது. அவரே ‘கோலமாவு கோகிலா’வில் அப்பாவி அப்பாவாக வந்தார். ‘கார்கி’யில் மறுபடி அப்பா. இத்தனை வருஷமாக நாம் அந்த முகத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை அந்தப் படம் எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். 2023 செப்டம்பரில் சிவாஜி காலமானார்.

டெல்லி கணேஷ் விமானப் படையில் வேலை பார்த்தவர். டெல்லியில் நாடகம் போட்டுப் பழகியவர். பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ மூலம் 1977-ல் சினிமாவுக்கு வந்தார். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தின் பாலக்காட்டு மணி ஐயருக்கு அவர் கொடுத்தது ஒரு ராகம். பாலக்காட்டுத் தமிழை மிமிக்ரி பண்ணாமல், அந்தத் தமிழிலேயே கவலைப்பட்டார். அதுபோல ‘சதிலீலாவதி’யில் கோவை சரளா கொங்குத் தமிழில் கோபப்பட்டார், சந்தேகப்பட்டார், அழுதார். வட்டார வழக்கை மேலே தடவிக்கொள்வதற்கும் அதில் வாழ்வதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

இங்கே ஜவ்வாது மலைக்காரர்கள் சார்பில் ஒரு குறையைப் பதிவு செய்யத்தான் வேண்டும். நம் சினிமாவும் டி.வி.யும் மலைவாசி என்றாலே இலைதழை கட்டி, புரியாத பாஷை கொடுத்து, ஹீரோவின் நண்பனை அண்டாவில் வேகவைக்கப் பார்க்கும் கும்பலாகக் காட்டியே பல காலம் சிரிப்பு வாங்கின. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறார்கள், சாமை விதைக்கிறார்கள், தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். அவர்களிலும் கஞ்சன் இருப்பான், பீற்றிக்கொள்கிறவன் இருப்பான், மருமகளிடம் மாட்டிக்கொண்ட மாமியார் இருப்பாள். அப்படி ஒரு தனி ஆளை வைத்துச் சிரிக்க நமக்கு இன்னும் தெரியவில்லை. கும்பலை வைத்துச் சிரிப்பது சோம்பேறி எழுத்து, அவ்வளவுதான்.

டி.வி.யில் இந்தத் தொழிலுக்கு வேறு விதமான சோதனை. சினிமாவில் ஒரு குணத்தை இரண்டரை மணி நேரம் காப்பாற்றினால் போதும். தொடரில் வாரா வாரம், வருஷக் கணக்கில். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் எம்.எஸ்.பாஸ்கரின் பட்டாபி வருகிறார் என்றாலே வீட்டில் குழந்தைகள் ஓடிவந்து உட்காரும். டப்பிங் கலைஞராக இருந்தவர் என்பதால் குரலை எங்கே உடைக்க வேண்டும், எங்கே விழுங்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. பட்டாபியாகவே அவரை முத்திரை குத்தி முடித்திருக்கலாம். 2007-ல் ‘மொழி’ வந்தது. காலம் 1984-லேயே நின்றுபோன பேராசிரியர். பழைய செய்தியை இன்றைய செய்தி போல அவர் விசாரிக்கும்போது தியேட்டர் சிரித்தது. ஏன் அந்த ஆண்டில் நின்றுபோனார் என்று தெரிந்ததும் சிரித்தவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. சிரிக்க வைத்த கண்களை மாற்றாமலே அழவும் வைத்தார். ‘பார்க்கிங்’ படத்தில் கார் நிறுத்தும் இடத்துக்காக வீம்பு பிடிக்கும் பெரியவராக நடித்ததற்கு, 2025-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

ஆரணிக்காரரின் ஓட்டு

விஜய் டி.வி.யின் ‘லொள்ளு சபா’வில் ஓரமாக நின்று வளர்ந்தவர் யோகி பாபு. 2009-ல் வந்த ‘யோகி’ படம் அவருக்கு அடைமொழி கொடுத்தது. பிறகு வந்த பல படங்களில் அவருக்கு எழுதப்பட்ட வசனம் என்று பார்த்தால், அவர் தலைமுடியைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் அடுத்தவர் அடிக்கும் கமென்ட், அதற்கு அவர் கொடுக்கும் கவுன்ட்டர். சம்பளம் வந்தது, படங்கள் குவிந்தன. நடிகர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மடோன் அஷ்வின் இயக்கிய ‘மண்டேலா’ 2021 ஏப்ரல் 4 அன்று தியேட்டருக்குப் போகாமல் விஜய் டி.வி.யில் நேரடியாக வந்தது. வடக்கூர், தெற்கூர் என்று சாதியால் பிளந்த கிராமம். அங்கே முடிவெட்டுகிறவர், மரத்தடியில் வாழ்கிறவர். ஊருக்கு அவர் பெயர் தெரியாது. இளிச்சவாயன் என்று கூப்பிடுவார்கள். சேர்த்து வைத்த காசு பறிபோனதால் தபால் நிலையத்தில் கணக்குத் தொடங்கப் போகிறார். அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பெயர் வேண்டும். நெல்சன் மண்டேலா என்று பெயர் கிடைக்கிறது, கூடவே ஒரு ஓட்டும். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஓட்டுதான் முடிவு செய்யப் போகிறது.

இதில் யோகி பாபு செய்தது பெரும்பாலும் குறைப்பதுதான். எல்லாப் படங்களிலும் பாயும் வாய் இதில் பாதி நேரம் மூடியிருக்கிறது. பிறர் வீட்டுக் கொல்லைப்புறமாகவே நுழைந்து பழகிய ஆள் எப்படி நிற்பான் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. தோள் சற்று முன்னால் விழுந்து, கண் எதிராளியின் மார்புக்கு மேல் ஏறாமல். இரண்டு கட்சியும் சலுகைகளைக் கொட்டும்போது அவர் திகட்டத் திகட்ட அனுபவிப்பதை நாம் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். அந்த ருசியைக் காட்டும்போதும் அவர் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. தன் ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று புரிகிற கட்டத்தில் அந்தக் கண் மெல்ல மேலே ஏறுகிறது. ராஜாவிடம் “நீங்கள் யார்?” என்று கேட்கிற கட்டியக்காரனை அப்போது நான் பார்த்தேன். கை கட்டி நிற்கிற அதே ஆள், அதே கேள்வி. படம் இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருதையும் வசனத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது.

அப்படி நடிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, அதன் பிறகும் முடியைப் பற்றியே வசனம் எழுதிக்கொண்டிருந்தால் குற்றம் நடிகர் பேரில் இல்லை. எழுத்தாளர்கள் அவருக்கு ஒரு தொழில், ஒரு கடன், ஒரு ஆசை எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு விருதுகளிலும் சிறந்த நகைச்சுவை நடிகர் ஒரு பெட்டி, சிறந்த குணச்சித்திர நடிகர் இன்னொரு பெட்டி. தருமியையும் பைரவனையும் மண்டேலாவையும் எந்தப் பெட்டியில் போடுவது என்று விருதுக் குழுவினர் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கலாம்.

வாசகர்களுக்கு ஒரு யோசனை. பங்குனியிலிருந்து ஆடி வரை திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம் பக்கங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்கள் நடக்கும், கூத்து இருக்கும். ஜவ்வாது மலைக்குக் கோடையில் சுற்றுலா போகிறவர்கள் இறங்கும் வழியில் ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது. கட்டியக்காரன்தான் முதலில் வருவான், தாமதமாகப் போகாதீர்கள்.